புயலுக்குப் பிறகு மரங்கள்: ஷிப்பூரும் அடையாறும்

போன மாதம் கடுக்காயைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு வாணியம்பாடி நண்பர் ஒருவர் போன் செய்தார். அவரும் என்னைப் போலத் தோல் ஷாப்பிலேயே தலை நரைத்தவர். "சார், ஆவாரம்பட்டை நம்ம காட்டுல கிடைக்கும். கடுக்காய் ஜவ்வாது மலையில இருக்கு. வாட்டில் பட்டை ஊட்டியிலேர்ந்து வந்துச்சு. இந்த டிவி டிவி மட்டும் எப்படி சார் இந்தியாவுக்கு வந்துச்சு?" என்று கேட்டார். இளைய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: டிவி டிவி என்பது டெலிவிஷன் இல்லை. சுருண்ட காய் காய்க்கும் ஒரு சிறிய மரம். மேற்கிந்தியத் தீவுகள், தென் அமெரிக்கா பக்கத்து மரம் அது. காயில் துவர்ப்பு ஏராளம், அதனால் பட்டைப் பதனத்துக்கு உதவும்.

நண்பரின் கேள்விக்குப் பதில் சின்னதுதான். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் வழியாக வந்தது. ஆனால் அந்தத் தோட்டத்தின் கதையைப் படிக்க உட்கார்ந்தவன் 1864ஆம் வருஷத்துப் புயலில் மாட்டிக்கொண்டேன். டிவி டிவி மறந்தே போய்விட்டது. ஆகவே இன்றைக்குப் புயல் கதை. புயலடித்த அன்றைக்கு நடந்ததை விட, அதற்குப் பிறகு அறுபது வருஷம் நடந்ததைத்தான் அதிகம் சொல்லப் போகிறேன். நம் அடையாறு ஆலமரமும் வர்தா புயலும் கூடவே வரும்.

கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், ஹவுராவுக்குத் தெற்கே ஷிப்பூரில் இருக்கிறது அந்தத் தோட்டம். 1787இல் கர்னல் ராபர்ட் கிட் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி தொடங்கி வைத்தார். அழகுக்காகத் தொடங்கவில்லை. கம்பெனிக்கு எந்த மரத்தில் பணம் காய்க்கும் என்று பார்க்கும் இடம் அது. தேக்கு, ஏலக்காய், மிளகு, பட்டை என்று எதையெல்லாமோ நட்டுப் பார்த்தார்கள். கிட் காலமான பின் 1793இல் பொறுப்பேற்றவர் வில்லியம் ராக்ஸ்பர்க். இவர் முதலில் நம் சென்னை ராஜதானியில் டாக்டராக வேலை பார்த்தவர். தெலுங்குச் சீமையில் சாமல்கோட்டையில் தோட்டம் போட்டுப் பழகியவர். இந்தியத் தாவரங்களை வரிசைப்படுத்தி எழுதிய பெரியவர்களில் முதல் வரிசைக்காரர். மேற்கிந்தியத் தீவுகளின் மகாகனி மரம் 1795இல் இந்தத் தோட்டத்துக்கு வந்தது. இன்று நம் ஊர் பங்களாக்களிலும் மகாகனி நிற்கிறது.

புயலுக்கு முன் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1842 முதல் 1844 வரை வில்லியம் கிரிஃபித் என்பவர் தற்காலிகப் பொறுப்பில் இருந்தார். மகா புத்திசாலி. ஆனால் தோட்டம் விஞ்ஞான முறைப்படி, இனம் இனமாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம். பழைய சாலை மரங்களையும் தேக்குத் தோப்பையும் வெட்டித் தள்ளிவிட்டார். 1848இல் ஜோசப் ஹூக்கர் வந்து பார்த்தபோது, நிழல் போய் வெயிலில் செடிகள் காய்வதைக் கண்டு வருத்தப்பட்டு எழுதினார். ஆக, புயல் வருவதற்கு இருபது வருஷம் முன்பே கோடாலி வந்துவிட்டது. பெரிய மரங்கள் கூட்டமாக நின்றால் ஒன்றுக்கொன்று காற்றைத் தடுத்துக்கொள்ளும். நடுவில் திட்டுத்திட்டாக வெட்டிவிட்டால், அதுவரை உள்ளே பத்திரமாக நின்ற மரம் திடீரென்று ஓரத்து மரமாகிவிடுகிறது. காற்றுக்குப் பழகாத மரம் அது.

1864 அக்டோபர் 5. வங்கக்கடலில் உருவான கடும்புயல் ஹூக்ளி முகத்துவாரத்தில் ஏறியது. கடல் நீரும் ஆற்று நீரும் சேர்ந்து சுவர் மாதிரி வந்தது. செத்தவர்கள் அறுபதாயிரம் பேர் என்று கணக்கு. கல்கத்தா துறைமுகத்தில் நங்கூரம் போட்டிருந்த கப்பல்கள் அறுத்துக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்றாக மோதின. ஷிப்பூர் தோட்டத்தின் பெரும்பகுதி தண்ணீருக்குள் போயிற்று. சில இடங்களில் ஆறேழு அடி ஆழம். இரண்டு கப்பல்கள் தோட்டத்துக்குள்ளேயே வந்து ஒதுங்கின என்று பதிவு இருக்கிறது. மரத்தடியில் கப்பல் நிற்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் போயின. தோட்டத்தில் இருந்த மரங்களில் பாதி. செடி கொடிகளுக்குக் கணக்கே இல்லை.

மூன்று வருஷம் கழித்து, 1867 நவம்பரில், இன்னொரு புயல். முதலாவதைப் போல் பலமானது இல்லை என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் 750 மரங்கள் விழுந்தன. பலம் குறைந்த புயலுக்கு ஏன் இத்தனை மரம்? நான் மேலே சொன்ன காரணம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் புயலில் கூட்டாளிகளை இழந்து தனியாக நின்றவை, வேர் ஆட்டம் கண்டும் வெளியே தெரியாமல் பச்சையாக நின்றவை, இவைதான் இரண்டாவதில் சாய்ந்திருக்கும்.

அதற்குப் பிறகு வந்தது புல். இந்த இடத்தைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே மனசு கனத்தது. நிழல் போனதும் வெயில் தரைக்கு இறங்கியது. வங்காளத்தில் உலு என்று சொல்லும் முரட்டுப் புல் தோட்டம் முழுவதும் பரவிவிட்டது. கூரை வேய உதவும் புல்தான், ஆனால் வேர் மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடிக்கொண்டே இருக்கும். மேலே அறுத்தால் கீழே நாலாகும். நட்ட கன்றுக்குத் தண்ணீரும் கிடைக்காது, இடமும் கிடைக்காது. கல்யாண வீட்டில் ஆல் போல் தழைத்து அறுகு போல் வேரோடி வாழ வேண்டும் என்று நாம் வாழ்த்துகிறோம். ஷிப்பூரில் ஆலைத் தவிர மீதியெல்லாம் விழ, புல் மட்டும் வேரோடியது.

அப்போது தோட்டத்தின் தலைவர் தாமஸ் ஆண்டர்சன். பாவம், அவர் தலையில் இன்னொரு பெரிய வேலை இருந்தது. மலேரியா காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து தரும் சிங்கோனா மரத்தை டார்ஜிலிங் மலையில் வளர்த்துக் காட்ட வேண்டும். அரசாங்கத்துக்கு அதுதான் அவசரம். மலைக்கும் கல்கத்தாவுக்கும் அலைந்தே உடம்பு கெட்டு, ஊர் திரும்பி 1870இல் காலமானார். விழுந்த தோட்டத்தை நிமிர்த்த முழுநேர ஆள் கிடைக்காமலே ஏழு வருஷம் ஓடிவிட்டது.

1871இல் ஜார்ஜ் கிங் வந்தார். இவரும் டாக்டர்தான், ஸ்காட்லாந்துக்காரர். இவர் செய்த வேலை என்னை ஆச்சரியப்படுத்தியது. விழுந்த இடத்திலெல்லாம் ஓடிப்போய்க் கன்று நடவில்லை. முதலில் மண்ணைப் பார்த்தார். அந்த நிலம் ஆற்று மட்டத்தை ஒட்டிய தட்டை நிலம். தண்ணீர் தேங்கினால் வடியாது. தேங்கிய மண்ணில் வேர் ஆழம் போகாது, மேலேயே படரும். அப்படிப்பட்ட மரம் அடுத்த காற்றில் விழத்தான் செய்யும். அதனால் ஏரிகளை வெட்டினார். வெட்டிய மண்ணைப் பக்கத்தில் கொட்டி நிலத்தை மேடும் பள்ளமுமாக உயர்த்தினார். ஏரிகளைக் குழாய் மூலம் ஒன்றோடொன்றும் ஆற்றோடும் இணைத்தார். சாலைகளைப் போட்டார். அதன் பிறகுதான் நடவு. இன்று ஷிப்பூருக்குப் போகிறவர்கள் ஏரிக்கரையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களே, அந்த ஏரிகள் புயலுக்குப் பிறகு வந்தவை. பின்னாளில் 1890இல் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைத் தொடங்கியபோது முதல் இயக்குநரானவரும் இந்தக் கிங்தான்.

அந்தப் புயலால் இன்னொரு துறையும் பிறந்தது. 1864 புயல், அடுத்து வந்த மழைப் பொய்ப்புகள், ஒரிசாப் பஞ்சம் எல்லாம் சேர்ந்து அரசாங்கத்தை உலுக்கின. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கப்பட்டது. இன்றைக்கு நாம் டிவியில், "தென்கிழக்கு வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்" என்று கேட்கும்போதெல்லாம் அந்தப் புயலுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

இப்போது அந்த ஆலமரத்துக்கு வருகிறேன். தோட்டம் போடுவதற்கு முன்பே அங்கே நின்ற மரம். ஒரு ஈச்ச மரத்தின் தலையில் முளைத்தது என்றும், அதனடியில் ஒரு பக்கிரி உட்கார்ந்திருப்பார் என்றும் கதை. வயது 250க்கு மேல். இரண்டு புயலையும் தாங்கி நின்றது. ஆனால் பெரிய கிளைகள் சில முறிந்தன. முறிந்த இடத்தில் மரத்தின் உள்ளே இருக்கும் கட்டை வெளியே தெரிந்தது. அந்தக் காயம் வழியாகப் பூஞ்சணம் புகுந்தது. இடி விழுந்ததும் ஒரு காரணம் என்பார்கள். தாய்த்தண்டு உள்ளுக்குள் உளுத்துக்கொண்டே வந்தது. 1925இல் அதை முழுவதுமாக வெட்டி எடுத்துவிட்டார்கள். அப்போது அதன் சுற்றளவு ஐம்பது அடிக்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1864க்கும் 1925க்கும் இடையில் 61 வருஷம்.

எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்கு இது உடனே புரியும். மாட்டை உரிக்கிறவர் கத்தியைக் கொஞ்சம் ஆழமாக விட்டால், பச்சைத் தோலில் அது சரியாகக் கண்ணுக்குத் தெரியாது. சுண்ணாம்புக் குழி, பட்டைக் குழி எல்லாம் தாண்டி, காய்ந்து, பாலீஷ் போட்டு மேஜைக்கு வரும்போதுதான் கோடு தெரியும். அதற்குள் உரித்தவர் எங்கேயோ போயிருப்பார். தரம் பிரிக்கிறவர் தலையில் விழும் பழி. 1925இல் கோடாலி எடுத்தவர்களின் நிலைமையும் அதுதான்.

நான் அந்த மரத்தை 1982இல் பார்த்தேன். டாங்ராவில் சீனர்கள் நடத்திய டேனரிகளைப் பார்த்துவர எங்களை அனுப்பியிருந்தார்கள். ஹக்கா சீனர்கள், குரோம் பதனத்தில் கைதேர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. ஹவுராவிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். மரத்தைச் சுற்றி ஒரு சாலை போட்டிருந்தார்கள், சுமார் 330 மீட்டர். மரம் அந்தச் சாலையைத் தாண்டி வெளியே வளர்ந்துகொண்டிருந்தது. உள்ளே ஆயிரக்கணக்கான விழுதுகள், தூண் தூணாக. எது மூத்தது எது இளையது என்று சொல்ல முடியாது. நடுவில் போய்த் தாய்மரத்தைத் தேடினேன். தோட்டக்காரர் ஒருவரிடம் நம் ஆம்பூர் உருதுவில் கேட்டேன். அவர் வங்காளத்தில் பதில் சொன்னார். இரண்டு பேருக்கும் பாதிதான் புரிந்தது. கையை விரித்து, "நேஹி" என்று மட்டும் தெளிவாகச் சொன்னார். தாய்த்தண்டு இருந்த இடம் வெறும் இடமாக இருந்தது. மரம் என்னவோ பச்சைப் பசேலென்று இருந்தது.

2020 மே 20இல் அம்பான் புயல் அடித்தபோது அதே தோட்டத்தில் மறுபடியும் ஆயிரத்துக்குக் குறையாமல் மரங்கள் விழுந்தன என்று படித்தேன். ஆலமரமும் பல விழுதுகளை இழந்தது. கொரோனா ஊரடங்கு வேறு; மரம் அறுக்கக்கூட ஆள் கிடைத்திருக்காது.

நம் பக்கத்துக்கு வருவோம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பெரியவர்களுக்குப் பேரழிவு என்றால் வெள்ளம்தான். 1903 நவம்பரில் பாலாறு வாணியம்பாடிக்குள் புகுந்த கதையை என் பாட்டி, தான் பார்த்தது போலவே சொல்வார். அவர் பிறந்தது அதற்குப் பிறகு. காற்றின் சேதம் நமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. வங்கக்கடல் புயல் நம்மிடம் வந்து சேரும்போது பலம் இழந்து மழையாகத்தான் வரும். அதனால் காற்றில் மரம் விழுவதை நான் பார்த்ததெல்லாம் சென்னையில்தான்.

1974இல் அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில், நாங்கள் சி.எல்.ஆர்.ஐ. என்று சொல்லும் இடத்தில், சில வாரப் பயிற்சிக்குப் போயிருந்தேன். சாயங்காலம் நாலைந்து பேர் நடந்தே பிரம்மஞான சபை தோட்டத்துக்குப் போவோம். சபை 1882இல் ஹடில்ஸ்டன் தோட்டம் என்ற அந்த இடத்தை வாங்கி, பிறகு சுற்றிலும் நிலம் சேர்த்துப் பெரிதாக்கியது. அங்கிருக்கும் ஆலமரத்துக்கு வயது நானூற்றைம்பது என்பார்கள். அன்னி பெசண்ட், ஜே. கிருஷ்ணமூர்த்தி, மரியா மாண்டிசோரி எல்லாரும் அதன் நிழலில் பேசியிருக்கிறார்கள். நாங்கள் பேசியது கான்டீன் சாப்பாட்டைப் பற்றி. அப்போது தாய்த்தண்டு இருந்தது. எங்களோடு வந்த திண்டுக்கல்காரர் அதன் பட்டையை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்து, "துவர்ப்பு பத்தாது" என்றார். தோல் ஷாப்புக்காரன் எங்கே போனாலும் அப்படித்தான். நாங்கள் மரத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டோம், பட்டையைத்தான் பார்ப்போம்.

1989இல் ஒரு பலத்த காற்றில் அந்தத் தாய்த்தண்டு வேரோடு சாய்ந்தது. அதை எடுத்து நிறுத்த முயற்சி நடந்தது. பலன் இல்லை. அத்தனை வயதான தண்டின் வேர் ஒருமுறை அறுந்தால் மறுபடி மண்ணைப் பிடிப்பது கடினம். ஆனால் விழுதுகள் நின்றன. நான் 1991இல் மறுபடி போனபோது, தெரியாதவர்கள் யாரும் மரத்துக்கு ஏதோ நடந்தது என்றே சொல்ல மாட்டார்கள். நடுவில் வெளிச்சம் கொஞ்சம் அதிகமாக விழுந்தது, அவ்வளவுதான். ஷிப்பூரில் பார்த்த அதே வெளிச்சம். ஆலமரத்துக்கு மட்டும் இயற்கை கொடுத்த வசதி இது. மற்ற மரங்களுக்கு மாற்றுக்கால் கிடையாது.

அந்த மற்ற மரங்களின் கதி என்னவென்று 2016 டிசம்பர் 12இல் பார்த்தேன். திங்கட்கிழமை. மகன் வீடு திருவான்மியூரில். ஜெயலலிதா காலமாகி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஐந்நூறு ஆயிரம் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம். காலையில் ஏ.டி.எம். வாசலில் நின்றுவிட்டு வந்த மகன், "அப்பா, இன்னைக்கு வெளிய போகாதீங்க" என்றான். வர்தா என்று புயலுக்குப் பெயர். பாகிஸ்தான் கொடுத்த பெயர், சிவப்பு ரோஜா என்று அர்த்தமாம். பிற்பகலில் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்று. முதலில் வடக்கிலிருந்து அடித்தது. நடுவில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எதிர்த் திசையிலிருந்து அடித்தது. முதல் காற்றில் அசைந்து கொடுத்த மரத்தை இரண்டாவது காற்று பிடுங்கிப் போட்டது. எதிர் வீட்டுக் குல்மோகர் வேரோடு சாய்ந்தபோது நடைபாதை சிமென்ட் பலகையும் அதோடு ஒட்டிக்கொண்டு எழுந்து நின்றது. வேர் ஒரு சாப்பாட்டு மேஜை அளவுதான் இருந்தது. இத்தனை பெரிய மரம் இத்தனை சின்ன வேரிலா நின்றது என்று நானும் பேரனும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் மரங்கள் விழுந்தன என்றார்கள். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கில் போயின. கிண்டிக் காட்டிலும் பக்கத்தில் ஐ.ஐ.டி.யிலும் அடையாறு சபைத் தோட்டத்திலும் பெருஞ்சேதம். குல்மோகர், இயல்வாகை, தூங்குமூஞ்சி மரம் என்று வேகமாக வளர்ந்து நிழல் தரும் வெளிநாட்டு மரங்கள்தான் அதிகம் விழுந்தன என்று அப்போது எல்லாரும் சொன்னார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் சுற்றிலும் சிமென்ட் போட்டு, ஒரு பக்கம் கேபிளுக்கும் மறுபக்கம் சாக்கடைக்கும் பள்ளம் தோண்டி வேரை அறுத்துவிட்டு, மரத்தின் ஜாதியை மட்டும் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. வேம்பும்தான் விழுந்தது.

மறுநாள் காலை முதல் ரம்பச் சத்தம். பாதை திறக்க வேண்டும், கரண்ட் வர வேண்டும், ஆம்புலன்ஸ் போக வேண்டும். அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் பாதை திறந்த பின்னும் ரம்பம் ஓயவில்லை. ஒரு கிளை மட்டும் முறிந்த மரம், லேசாகச் சாய்ந்த மரம் எல்லாவற்றையும் "ஆபத்து" என்று சொல்லி அடியோடு அறுத்தார்கள். எங்கள் தெருமுனையில் கால் பங்கு சாய்ந்த பூவரசு ஒன்று. வேரில் பாதி மண்ணுக்குள்தான் இருந்தது. முட்டுக் கொடுத்தால் பிழைக்கும் என்று நானும் இன்னொரு பெரியவரும் சொல்லிப் பார்த்தோம். "ஐயா, மேல விழுந்தா நீங்களா பதில் சொல்வீங்க?" என்று கேட்டார் அந்தப் பையன். அவர் கேட்டதும் நியாயம்தான். பத்து நிமிஷத்தில் மரம் துண்டு துண்டாகிவிட்டது. சில இடங்களில் இளைஞர்கள் சேர்ந்து, கிரேன் வைத்துக் கிளைகளைக் கழித்து, சாய்ந்த மரங்களை மறுபடி நிமிர்த்தி நட்டதையும் சொல்ல வேண்டும். தெருவோரங்களில் வாரக்கணக்கில் கட்டைகள் குவிந்து கிடந்தன.

அவசரப்படாமல் விட்டதால் பிழைத்த ஒரு மரத்தின் கதை லண்டனில் இருக்கிறது. 1987 அக்டோபர் 16 விடியற்காலை இங்கிலாந்தின் தென்பகுதியில் பெருங்காற்று அடித்தது. நாடு முழுவதும் ஒன்றரைக் கோடி மரம் விழுந்தது. கியூ தாவரவியல் தோட்டத்தில் சுமார் 700. அங்கே 1798இல் நட்ட டர்னர் ஓக் என்ற மரம் ஒன்று. சில வருஷமாகவே இலை குறைந்து நோஞ்சானாக இருந்தது. காற்று அதை வேர்த்தட்டோடு அப்படியே தூக்கி, மறுபடி அதே குழியில் உட்கார வைத்தது. எப்படியும் சாகப்போகிறது, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று முட்டுக் கொடுத்து விட்டுவிட்டார்கள். மற்ற வேலையெல்லாம் முடித்து மூன்று வருஷம் கழித்து வந்து பார்த்தால், மரம் முன்னை விடத் தழைத்து நிற்கிறது! காரணத்தைத் தேடினார்கள். இருநூறு வருஷமாக வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மிதித்து மிதித்து, மண் கல்லாக இறுகியிருந்தது. வேருக்கு மூச்சில்லை. காற்று மரத்தைத் தூக்கியபோது மண் பொலபொலவென்று உடைந்து இளகிவிட்டது. அதற்குப் பிறகு கியூவில் வயதான மரங்களின் அடியில் காற்றை அழுத்தமாகச் செலுத்தி மண்ணை இளக்குகிறார்கள். கொத்தி விடாத நிலத்தில் தென்னை காய்க்காது என்று நம் மாதனூர்ப் பக்கத்து விவசாயிக்குத் தெரிந்ததுதான். அவர்களுக்கு ஒரு புயல் வந்து சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

காற்றே இல்லாமலும் மரம் உடையும். என் மைத்துனர் மகள் குடும்பம் கனடாவில் மாண்ட்ரியாலில் இருக்கிறது. 1998 ஜனவரியில் அங்கே உறைமழை பெய்தது. பனிக்கட்டி மழையாக வருவதில்லை. தண்ணீராகத்தான் வரும், மரத்தைத் தொட்டதும் உறைந்து கண்ணாடியாகிவிடும். ஐந்தாறு நாள் விட்டு விட்டுப் பெய்ததில் ஒவ்வொரு சுள்ளியும் தடித்துக் கனத்தது. ராத்திரி முழுக்கத் துப்பாக்கி வெடிப்பது போலக் கிளை ஒடியும் சத்தம் கேட்டதாம். கியூபெக் மாகாணத்தில் பாதிப் பேருக்குக் கரண்ட் இல்லை. ஊர் நடுவிலுள்ள மௌன்ட் ராயல் மலைப் பூங்காவிலும், மெக்கில் பல்கலைக்கழகத்தின் மார்கன் மரத் தோட்டத்திலும் பெருஞ்சேதம். வேர் அசையவில்லை, தலை மட்டும் போயிற்று. "பனியைக் கம்பால தட்டி விடாதீங்கன்னு ரேடியோவுல சொன்னாங்க மாமா. தட்டினா நல்ல கிளையும் ஒடியும், தானா உருகட்டும்னாங்க" என்று அவள் ஒருமுறை சொன்னாள். கைகட்டிக்கொண்டு பார்த்திருப்பதுதான் அங்கே வைத்தியம்.

நம் ஊரைச் சொல்லி முடிக்கிறேன். ராணிப்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வரை பெங்களூர் சாலையின் இரு பக்கமும் புளியமரங்கள் நின்றதை இந்த வயதுக்காரர்கள் மறந்திருக்க முடியாது. மாட்டு வண்டியில் பச்சைத் தோல் வரும் காலத்தில் அந்த நிழலில்தான் வண்டி அவிழ்ப்பார்கள். ஒவ்வொரு மரத்திலும் எண் எழுதியிருக்கும், புளி ஏலம் போகும். எந்தப் புயலிலும் அவை கூட்டமாக விழுந்து நான் பார்த்ததில்லை. சாலையை நான்கு வழியாக்கியபோது போயின. நல்ல சாலைதான், ஆம்பூரிலிருந்து வேலூர் மருத்துவமனைக்கு அவசரமாகப் போனவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் பழைய சாலை ஊருக்குள் பிரிந்து போகும் துண்டுகளில் இன்னும் சில புளியமரங்கள் நிற்கின்றன. மாதனூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் இடையில் நான் இரண்டு பார்த்தேன். ஒன்றின் அடியில் டீக்கடைக்காரர் சிமென்ட் மேடை கட்டியிருக்கிறார். அவரிடம் தண்டைச் சுற்றி இரண்டடி விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன், பார்க்கலாம் என்றார். உங்கள் ஊர்ப் பக்கம் எண் எழுதிய பழைய புளியமரம் எங்காவது நின்றால், அல்லது காற்றில் சாய்ந்து பின் முட்டுக் கொடுத்துப் பிழைத்த மரம் எதையாவது உங்களுக்குத் தெரிந்தால், இடத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். வாணியம்பாடி நண்பருக்கு டிவி டிவி கதை பாக்கி இருக்கிறது; அது அடுத்த மாதம்.